முத்திரை இல்லாத சாமான்

முந்தின நாள் அந்தி மயங்கும் நேரத்தில், முன்விளக்கைப் போடாமல் ஒரு லாரி கல்லூரியின் பின்வாசல் வழியாக உள்ளே போனது. எதிரே தம் வீட்டு மாடி ஜன்னலில் நின்றபடி பெரியவர் அதைப் பார்த்தார். பார்த்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கப் போனார்.

கேட்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நேர்வழியில் வருகிற சாமான் முன்வாசலில் வரும். பின்வாசலில் வந்ததைப் பற்றிக் கேட்டால் பெற்ற மகனே பொய் சொல்ல நேரிடும். மகனைப் பொய் சொல்ல வைப்பது தகப்பனுக்கு அழகில்லை. ஆகவே அந்தக் கேள்வி இரவெல்லாம் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

மகன்தான் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர். இதுவரை பட்டயப் படிப்பு மட்டுமே இருந்த கல்லூரி அது. பட்டம் வேண்டுமென்றால் பிள்ளைகள் ரயிலேறித் தலைநகரத்துக்குப் போக வேண்டும். போக முடிந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். இப்போது பட்டப்படிப்புக்கென்றே மூன்று மாடிக் கட்டடம் எழும்பி நிற்கிறது. மாலை வகுப்பும் உண்டு என்று பேச்சு. எல்லாம் தயார், உள்ளே இருக்க வேண்டிய கருவிகளைத் தவிர. அவை கப்பலில் வருகின்றன. கப்பல் எங்கே வருகிறது என்று கப்பலுக்கே தெரியவில்லை. இன்றைக்கோ அனுமதி கொடுக்கும் ஆய்வுக் குழு வருகிறது.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியின் பழைய பட்டறையைத் தொடங்கி, அதை நடத்தி, அதிலேயே ஓய்வு பெற்றவர். மாணவர்கள் அவருக்கு வைத்தது செங்கோணம் பார்க்கும் கருவியின் பெயர், ‘மூலைமட்டம்’. நிற்கும்போதும் உட்காரும்போதும் அவர் முதுகு அப்படி நேராக இருக்கும். அந்தப் பெயர் தமக்குத் தெரியாது என்பதுபோல அவர் நடந்துகொண்டார். உள்ளுக்குள் அதில் அவருக்குப் பெருமை.

காலையில் வீடு கொதிக்கிற பானைபோல இருந்தது.

“சட்டை இஸ்திரி ஆச்சா?” மகன் அறைக்குள்ளிருந்து கத்தினான்.

“பெட்டி சூடாகலை” என்றாள் மருமகள்.

“அதுக்கும் இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா!”

மருமகள் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். பிளக்கைக் கழற்றினாள். கருகிப்போன கம்பி நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கி, மாட்டினாள். மாமனாரின் காப்பி ஆறுவதற்குள் இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது.

அவள் கருவியியல் பட்டயத்தில் முதலிடம் வாங்கியவள். வாங்கிய கையோடு கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தாள். “என் மருமக கை பட்டா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெரியவர் சொல்லுவார். அப்போதெல்லாம் அவள் லேசாகச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் யோசித்ததில்லை.

மகன் சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டைத் தொடாமல் எழுந்தான்.

“அண்ணா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ. வெறும் வயிறோட போனா குழு முன்னாடி உன் வயிறுதான் முதல்ல பேசும்” என்றாள் அவன் தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதிலும் சின்னவள்தான்.

பெரியவர் காப்பிக் கோப்பையை வைத்தார். “நேத்து ஒரு லாரி வந்துச்சே.”

மகன் செருப்பு வாரை ரொம்ப நேரம் மாட்டினான். “ஆங்… சாமான்ப்பா. லேப் சாமான்.”

“கப்பல் அதுக்குள்ள கரையேறிடுச்சா?”

“அப்பா, வெயில் கொளுத்துது. நீங்க வீட்லயே இருங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தா போதும்.”

“சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட நான் என்னடா, தூரத்துச் சொந்தமா?”

மகன் வெளியே போனான். விருந்தினர் விடுதியிலிருந்து குழுவை அழைத்து வர வேண்டும். சின்னவளும் கல்லூரிப் பட்டறையின் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மிஞ்சியது மருமகள். அவளுக்குப் பொய் வராது. அது பெரியவருக்குத் தெரியும்.

“லாரியில என்னம்மா வந்துச்சு?”

அவள் இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுற்றினாள். “எங்கப்பா ஃபேக்டரி சாமான், மாமா. அங்க பரிசோதனை அறையில இருக்கிறதெல்லாம். குழு போற வரைக்கும் இரவல்.”

பெரியவருக்குச் சாட்டையால் அடித்ததுபோல இருந்தது. இரவல் ஒரு அடி. அதுவும் சம்பந்தியிடம் என்பது இன்னொரு அடி.

சம்பந்தி பல்சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலைக்காரர். ஊர் அவரைப் ‘பலகைக்காரர்’ என்று அழைக்கும். ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தால் குழாயைவிடப் பெரிய பெயர்ப் பலகை வைப்பார். பேருந்து நிழற்குடையில் அவர் பெயர். மருத்துவமனை பெஞ்சில் அவர் பெயர். அந்த ஊரில் எங்கே போய்ச் சாய்ந்தாலும் முதுகில் அவர் பெயர் உறுத்தும். பிள்ளைகளின் கல்யாணத்திலிருந்து இன்றுவரை பெரியவர் அவரிடம் ஒரு குண்டூசி கேட்டதில்லை. அவரிடம் என்ன, யாரிடமுமே கேட்டதில்லை. ‘கொடுத்த கை மேலே, வாங்கின கை கீழே’ என்பது அவர் கணக்கு.

“சின்னவளுக்கு இது தெரியுமா?”

“அவளுக்குத் தெரியாம அந்தக் கட்டடத்துல ஒரு ஆணி அடிக்க முடியுமா, மாமா?”

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டினார். தெருவைக் கடந்தால் கல்லூரி.

கடக்கிற நேரத்தில் அவர் மனசில் மகன் இல்லை. சின்னவள்தான் இருந்தாள். தலைநகரத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தபோதுதான் அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள். “அடுத்த வருஷம் போறேன்ப்பா” என்று சின்னவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. பட்டறையில் பயிற்றுநராகச் சேர்ந்தாள். அவளிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் வெளியூர் போய்ப் பட்டம் வாங்கி வந்து அவளுக்கே மேலதிகாரி ஆனார்கள். அவள் எழுந்து நின்று அவர்களுக்கு வணக்கம் சொன்னாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து மட்டும், வேலை முடிந்ததும் ஒரு சுற்று அதைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மாலை வகுப்பு வந்தால் முதல் பெயர் அவளுடையது. இந்த முறை அனுமதி போனால் அடுத்த குழு எப்போது வருமோ, யார் கண்டார்கள்?

புதுக் கட்டடத்தின் முன்னால் வந்தவர் அப்படியே நின்றார்.

நீண்ட தாழ்வாரம். அதில் வரிசையாகக் கருவிகள். உலோகத்தின் கடினம் பார்க்கும் கருவி, நுண்ணோக்கிகள், அலைகளைக் காட்டும் சிறு திரைகள். எல்லாம் துடைத்து, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, யாரோ ஊருக்குக் கிளம்புகிற மூட்டைகள்போல வெளியே நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தின் பளபளக்கும் மேசைகள் அத்தனையும் காலி.

பக்கத்தில் பூட்டு நின்றுகொண்டிருந்தான். கல்லூரிக் கதவுகளையெல்லாம் இரவு அடைத்துக் காலையில் திறக்கிற ஆள். இடுப்பில் சாவிகள் குலுங்கும். அதனால் அவன் பெயரே பூட்டு.

“யாருடா இதையெல்லாம் வெளிய வெச்சது?”

“நான்தான் ஐயா. நாலு பேரைப் பிடிச்சு, அலுங்காம வெச்சேன்.”

“யார் சொல்லி?”

பூட்டு விழித்தான். “நீங்க சொல்லித்தான் ஐயா.”

“நானா? எப்போ?”

“நான் வேலையில சேர்ந்த அன்னிக்கு. ‘நம்ம முத்திரை இல்லாத சாமான் ராத்திரி நம்ம கூரைக்குக் கீழ தங்கக் கூடாது’ன்னு சொன்னீங்க. நேத்து அடைக்கும்போது ஒவ்வொண்ணாத் தடவிப் பார்த்தேன். ஒண்ணுலயும் முத்திரை இல்ல. வெளிய எடுத்து வெச்சு, ராத்திரி பூரா பக்கத்துலயே காவலுக்குப் படுத்தேன்.”



அது அவர் போட்ட சட்டம்தான். ஒரு காலத்தில், இரவல் வாங்கி வைத்த கருவி ஒன்று காணாமல் போய், பட்டறைக்கே திருட்டுப் பட்டம் வந்தது. பிறகு கிடைத்துவிட்டது. ஆனால் போன பெயர் திரும்பி வரக் காலம் பிடித்தது. அன்றிலிருந்து பட்டறையின் ஒவ்வொரு பொருளிலும் எஃகு அச்சால் முத்திரை குத்தப்பட்டது. முத்திரை இல்லாதது இரவானால் வாசலுக்கு வெளியே. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யார் ரத்து செய்வார்கள்?

தாழ்வாரத்துக் கோடியில் சின்னவள் தூணில் சாய்ந்து நின்றாள்.

“நீ எப்ப பார்த்த?”

“வந்ததும் பார்த்தேன்ப்பா.”

“உள்ள எடுத்து வைக்க ரொம்ப நேரமாகுமா?”

“ஆகாது. குழு வர்றதுக்குள்ள வெச்சிடலாம்.”

“அப்ப ஏன் மரம் மாதிரி நிக்கற?”

அவள் அவரை நேராகப் பார்த்தாள். “கை வரலைப்பா. அண்ணனுக்கு ஃபோன் பண்ணவும் கை வரலை. நீங்க சொல்லுங்க. நீங்க வைன்னு சொன்னா வெச்சிடறேன்.”

பெரியவர் காலி மேசைகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கழுத்தோரம் அவளுக்கு நரை தொடங்கியிருந்தது. இத்தனை நாள் அது அவர் கண்ணில் படவில்லை.

“வை” என்றார்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. சின்னவள் குனிந்து ஒரு கயிற்றை அவிழ்த்தாள்.

“ஐயா, முத்திரை?” என்றான் பூட்டு.

கேலியில்லை, குற்றச்சாட்டில்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்வி. ஆனால் பெரியவரின் முதுகில் யாரோ கை வைத்து நிமிர்த்தியதுபோல இருந்தது.

“இரும்மா” என்றார்.

கயிறு சின்னவள் கையில் பாதி அவிழ்ந்தபடி நின்றது. அப்போது முன்வாசலில் கார் திரும்பியது.

குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு மூத்த பேராசிரியை. கையில் குடை, காலில் தட்டையான செருப்பு, கண்ணில் தூக்கமில்லை. மகன் முன்னால் ஓடி வந்து கதவைத் திறந்தான். திரும்பினான். தாழ்வாரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இதெல்லாம் ஏன் வெளிய இருக்கு?” என்றார் தலைவி.

“அது மேடம்… சுத்தம் பண்ணறதுக்காக…”

“இரவல்ம்மா” என்றார் பெரியவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“என் சம்பந்தி தொழிற்சாலையில வாங்கின இரவல். எங்க முத்திரை இல்ல. அதனால உள்ள வைக்கல. எங்க சாமான் கப்பல்ல வருது. பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாதுன்னு முதல்வர் ஆசைப்பட்டார். ஆசை கொஞ்சம் வேகமா ஓடிடுச்சு. இந்தப் பட்டறை வளர்ப்பு பின்னாலேயே ஓடி அதைப் பிடிச்சுது.”

தலைவி குடையை மடக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“சரி. உங்களோடது எதுவோ, அதைக் காட்டுங்க.”

பழைய பட்டறைக்குப் போனார்கள். சின்னவள் முன்னால் நடந்தாள். கடைசல் இயந்திரங்கள், பற்றவைப்புக் கூடம், சுவரில் இடம் வரைந்து அதனதன் இடத்தில் தொங்கும் கருவிகள். தலைவி எதையும் புகழவில்லை. ஒரு ஸ்பானரை எடுத்துத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“நீங்க பட்டம் எங்க வாங்கினீங்க?” என்று சின்னவளிடம் கேட்டார்.

“இன்னும் வாங்கல, மேடம். வரும்னு காத்திட்டிருக்கேன்.”

“எங்கிருந்து?”

சின்னவள் ஜன்னல் வழியே எதிரிலிருந்த புதுக் கட்டடத்தைக் காட்டினாள்.

தலைவி ஜன்னல் வழியே அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “கட்டடம் இருக்கு. சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு. ஆனா காலி மேசைக்கு நான் பட்டப்படிப்பு கொடுக்க முடியாது. சாயங்காலம் அறிக்கையில கையெழுத்துப் போடுவேன். அந்த நேரத்துல கல்லூரிக்குச் சொந்தமா என்ன இருக்கோ, அதைத்தான் எழுதுவேன். இரவலை எழுத மாட்டேன்.”

முதல்வர் அறைக் கதவு சாத்தியதும் மகன் வெடித்தான்.

“ஏன்ப்பா? ஏன் அப்படிச் சொன்னீங்க? ஒரு பொழுது வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“பொய்ல ஆரம்பிச்ச வகுப்புல எந்தப் பிள்ளைடா உருப்படும்?”

“உங்க முதுகு நிமிர்ந்தே இருக்கணும். அதுக்காக நாங்க எல்லாரும் வளைஞ்சு போனாலும் பரவாயில்ல. அப்படித்தானே?”

மகன் இப்படிப் பேசியதில்லை. பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மகனுடைய சட்டையில், காலையில் மருமகள் தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை. உள்ளே இருந்தவன்தான் கசங்கிப் போயிருந்தான்.

“திருடலைப்பா நான்” என்றான், குரல் இறங்கி. “கெஞ்சினேன். கெஞ்சி, இரவல்தான் கிடைச்சுது. நீங்க கேட்டா என் மாமனார் சொந்தமாவே குடுப்பாரு. ஆனா நீங்கதான் யார்கிட்டயும் கேக்க மாட்டீங்களே!”

பெரியவர் வெளியே வந்தார். சின்னவள் படியருகே நின்றாள்.

“எங்கப்பா?”

“வர்றேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். சில இடத்துக்குத் தனியாத்தான் போகணும்.”

தொழிற்சாலை இரண்டு தெரு தள்ளி. உள்ளே இயந்திரங்களின் இரைச்சல் காதைப் பிளந்தது. கண்ணாடி அறையிலிருந்து சம்பந்தி எழுந்து வந்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. நல்ல செய்தி நடந்து வரும், கெட்ட செய்தி பறந்து வரும்.

“வாங்க சம்பந்தி, வாங்க. என் சாமானுக்கு ராத்திரி வாசல்லதான் படுக்கையாமே! உங்க கல்லூரியில சம்பந்தி வீட்டுச் சாமானுக்கு இதுதான் மரியாதையா?”

“உங்க சாமான்னு இல்ல. யார் சாமானா இருந்தாலும் அப்படித்தான்.”

“அது இன்னும் நல்லா இருக்கு! உக்காருங்க.”

நாற்காலியின் முதுகில் சம்பந்தியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பெரியவர் அதில் உட்கார்ந்தார். சாயவில்லை.

“ஒரு விஷயமா வந்தேன்” என்றார். “அந்தச் சாமானைக் கல்லூரிக்கே கொடுத்துடுங்க.”

சம்பந்தி காதருகே கையைக் குவித்தார். “என்ன சொன்னீங்க? மெஷின் சத்தத்துல விழல.”

“சாமானைக் கல்லூரிக்குக் கொடுங்கன்னேன்.”

“சரியாக் கேக்கலையே! டேய், எல்லாத்தையும் நிறுத்துங்கடா!”

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சடங்கின. தொழிற்சாலை முழுவதும் நிசப்தம். எண்ணெய்க் கையோடு ஆட்கள் திரும்பி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் மூலைமட்டத்திடம் படித்தவர்கள்.

பெரியவர் எழுந்தார். போய்விடலாம் என்று கால் சொன்னது. சின்னவளுடைய கழுத்தோர நரை கண் முன்னால் வந்தது.

“சம்பந்தி” என்றார், ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. உங்ககிட்ட கேக்கறேன். அந்தக் கருவிகளைக் கல்லூரிக்குக் கொடுங்க. என் பொண்ணு படிக்கணும். இந்த ஊர்ப் பிள்ளைங்க படிக்கணும். கட்டடத்து நெத்தியில உங்க பேரைப் போட்டுக்குங்க. நானே பலகை பிடிச்சுக்கறேன்.”

சம்பந்தியின் சிரிப்பு எங்கோ வழுக்கி விழுந்தது. கேட்க வைத்துவிட வேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தவர்தான். கேட்ட பிறகு அவரால் அந்த நிமிர்ந்த கழுத்தைப் பார்க்க முடியவில்லை. ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“என்னடா வேடிக்கை? வேலையைப் பாருங்கடா!”

இரைச்சல் மீண்டும் எழுந்தது. அந்த இரைச்சலில் அவர் பெரியவரின் காதருகே குனிந்தார்.

“தர்றேன். பலகை வாங்க எனக்கு வக்கு இருக்கு, சம்பந்தி. எனக்கு வேண்டியது உங்க வீட்ல இருக்கு. அங்க வந்து கேக்கறேன்.”

வெயில் தாழ்ந்தபோது புதுக் கட்டடத் தாழ்வாரத்தில் எல்லோரும் கூடினார்கள். முதல்வர் அறையில் தானப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு சம்பந்தி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழுத் தலைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அறிக்கையை வைத்திருந்தார். பேனா மூடியை இன்னும் திறக்கவில்லை.

மருமகளும் வந்திருந்தாள். கணவன் காலையிலிருந்து பட்டினி என்று தெரிந்து சாப்பாட்டுப் பையோடு வந்தவள். பையைத் தூணோரம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே தார்ப்பாய்களை விலக்கினாள். ஒரு நுண்ணோக்கி பயணத்தில் கொஞ்சம் அசைந்திருந்தது. குனிந்து அதன் திருகைச் சரிசெய்தாள். கண் வைத்துப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பெரியவர் கண்டார். அந்த வெளிச்சத்தை அவர் வீட்டில் பார்த்ததில்லை. பழுதான மிக்ஸியை அவள் ஓட வைத்தபோதும் இல்லை, காலையில் இஸ்திரிப் பெட்டி சூடானபோதும் இல்லை.

பூட்டு எஃகு அச்சையும் சுத்தியலையும் ஒரு துணியில் வைத்துக் கொண்டுவந்தான். பெரியவர் சுத்தியலை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார்.

“நீங்க கொடுத்தது. முதல் முத்திரையை நீங்களே குத்துங்க.”

சம்பந்தி வாங்கிக்கொள்ளவில்லை.

“நான் வேண்டாம். என் பொண்ணு குத்தட்டும். உங்க வீட்ல எனக்கு வேண்டியது இருக்குன்னேனே, அதை இப்ப கேக்கறேன். மாலை வகுப்பு வந்தா உங்க பொண்ணு பக்கத்துல என் பொண்ணும் உக்காரணும். முதலிடம் வாங்கினவளைப் படிப்பை நிறுத்திக் கட்டிக் கொடுத்தேன். போற எடம் படிச்ச குடும்பம், அவங்க பார்த்துக்குவாங்கன்னு நினைச்சேன்.”

அந்த ஊசி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. படிச்ச குடும்பம். சின்னவள் பட்டத்தை விட்டுக்கொடுத்ததைப் பெரியவர் தினம் தினம் நினைத்தார். அதே வீட்டில், அதே மேசையில், இன்னொருத்தி கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்ததை அவர் மெச்சிக்கொண்டு மட்டும் இருந்துவிட்டார்.

“சரி” என்றார் பெரியவர். “எனக்குச் சம்மதம். வாக்கு.”

மகன் தலையாட்டினான். சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்தாள்.

மருமகள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். சுத்தியலை வாங்கினாள். அச்சைக் கருவியின் அடித்தட்டில் வைத்தாள். ஒரே அடி. எடுத்தபோது முத்திரை சாயாமல், பிசிறில்லாமல் பதிந்திருந்தது. பூட்டு குனிந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இனி உள்ள போகலாம்” என்றான்.

தலைவி பேனா மூடியைத் திறந்தார். “என் முடிவை இங்க சொல்ல மாட்டேன். மேசை காலியா இல்லைன்னு மட்டும் எழுதுவேன்.”

சின்னவள் மூச்சு விட்டாள். அவள் அந்த மூச்சை எத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்தாளோ!

மருமகள் இன்னும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

“முத்திரை வெச்சாச்சு” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. “இந்தச் சாமான் கல்லூரியோடதுன்னு ஆயிடுச்சு. நல்லது. ஆனா எங்கப்பா கேட்டாரு, மாமா சரின்னாரு, இவரு தலையாட்டினாரு. என்னையும் தார்ப்பாய்க்குள்ள கட்டி வெச்ச மாதிரியே பேசி முடிச்சிட்டீங்க. என்னை யாருமே கேக்கலையே?”

சம்பந்தி கைக்குட்டையைத் தேடினார். மகன் சாப்பாட்டுப் பையைப் பார்த்தான்.

வாழ்நாளெல்லாம் யாரிடமும் கேட்காத பெரியவர், அன்று இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

“நீ படிக்கிறியாம்மா?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் புகழும்போது சிரிக்கும் அந்தச் சிரிப்பு வரவில்லை. சுத்தியலை அவர் கையில் கொடுத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன், மாமா” என்றாள். படியிறங்கி, தெருவுக்கு வந்து, எதிரிலிருந்த வீட்டுக்குள் போகாமல், தெருவோடு நேராக நடந்து போனாள்.

சுத்தியலின் பிடியில் அவள் கைச் சூடு இன்னும் இருந்தது.